படம் பிடிக்கும் கைபேசி: அதன் அமைப்பும் உபயோகமும்

உரம் வாங்கும்போது மூட்டையின் மீது அச்சிட்ட எண்களைப் படித்து, தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு, சாம்பல் சத்து எவ்வளவு என்று கணக்கிட்டு வாங்கும் பழக்கம் நம் விவசாயிகளுக்கு உண்டு. ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கைபேசி வாங்கும்போது, பெட்டியின் மீதுள்ள எண்கள் எவற்றைக் குறிக்கின்றன என்று விசாரித்து வாங்குவோர் மிகச் சிலரே. கடைக்காரர் சொல்லும் பெரிய எண்ணே சிறந்த எண் என்று நம்பிவிடுகிறோம். அதனால் தேவைக்கு மீறிய விலை கொடுப்பதும், மாதத் தவணைக் கடனில் சிக்குவதும், அல்லது விலை மலிவென்று எண்ணி வேலைக்கு உதவாத கருவியை வாங்கிவிடுவதும் நேர்கின்றன.

இக்குறையை நீக்கும் பொருட்டு, சில ஆண்டுகளுக்கு முன் நடுத்தர விலையில் விற்கப்பட்டு, இன்றும் பல கிராமங்களில் புழக்கத்தில் இருந்து வரும் ஒரு படப்பிடிப்புக் கைபேசியை எடுத்துக்கொண்டு, அதன் உறுப்புகளையும் அளவுகளையும் பயன்களையும் குறைகளையும் இங்கு ஆராய்வோம். ஒரு கருவியை நன்கு அறிந்துகொண்டால், மற்றக் கருவிகளையும் அதே அளவுகோலைக் கொண்டு மதிப்பிடலாம்.

படம் ஏன் அவசியமாயிற்று?

முன்னாளில் புகைப்படம் என்பது திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் உரியதாக இருந்தது. இன்று அது ஓர் ஆவணம் ஆகிவிட்டது. ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் அஸ்திவாரம் முதல் கூரை வரை ஒவ்வொரு கட்டத்திலும், இருப்பிடம் குறிக்கப்பட்ட படம் எடுத்து ஏற்றிய பிறகே தவணைப் பணம் விடுவிக்கப்படுகிறது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில், பணித்தளத்தில் வேலை செய்வோரை நாளொன்றுக்கு இருமுறை படமெடுத்து வருகையைப் பதியும் முறை, 2023 சனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. படம் சரியாக ஏறாவிட்டால், வேலை செய்தவரின் கூலிக்கே இடையூறு நேர்ந்தது.

பயிர்க் காப்பீட்டிலும் இவ்வாறே. ஆலங்கட்டி மழை, மண்சரிவு போன்ற வட்டாரச் சேதங்களை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி. நெல் வயல் நீரில் மூழ்குதலையும், காட்டு விலங்குகளால் ஏற்படும் சேதத்தையும் இவ்வகையில் சேர்த்து, 2026ஆம் ஆண்டுக் காரிப் பருவம் முதல் நடைமுறைப்படுத்துவதாக ஒன்றிய வேளாண்மை அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. இழப்பைத் தெரிவிக்கும்போது இருப்பிடக் குறிப்புடன் கூடிய படங்களைச் செயலியில் ஏற்ற வேண்டும் என்றும் அவ்வறிவிப்பில் கூறப்பட்டது. வெள்ளம் மூன்று நாளில் வடிந்துவிடும். அழுகிய பயிரை உழுதுவிடுவோம். அதன் பின் சேதத்திற்குச் சாட்சி சொல்ல எஞ்சுவது படம் ஒன்றே. ஆகவே, தெளிவான படம் எடுக்கத் தெரிந்திருப்பது இன்று விவசாயத் தொழிலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது எனலாம்.

நாம் எடுத்துக்கொள்ளும் கருவி

ஷாவ்மி நிறுவனத்தின் ரெட்மி நோட் 7 ப்ரோ என்னும் கைபேசி 2019 பிப்ரவரி 28 அன்று இந்தியாவில் அறிமுகப்படுத்தப்பட்டது. 4 ஜிகாபைட் வேலை நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பும் கொண்ட வகை 13,999 ரூபாய்க்கும், 6 ஜிகாபைட்டும் 128 ஜிகாபைட்டும் கொண்ட வகை 16,999 ரூபாய்க்கும் அப்போது விற்கப்பட்டன. அதுவரை விலை உயர்ந்த கருவிகளிலேயே காணப்பட்ட 48 மெகாபிக்சல் படப்பிடிப்பு வசதியை இந்த விலைக்குள் கொண்டுவந்ததால், இது மக்களிடையே வெகுவாகப் பரவியது.

இதன் எடை 186 கிராம். திரையின் குறுக்களவு 6.3 அங்குலம். முன்புறமும் பின்புறமும் உறுதியூட்டப்பட்ட கண்ணாடி பொருத்தப்பட்டுள்ளது. மழைத்தூறலைத் தாங்கும் மேற்பூச்சு உண்டு. ஆனால் நீரில் விழுந்தால் தாங்கும் என்று எண்ணிவிடலாகாது.

48 மெகாபிக்சல் என்பது என்ன?

படப்பிடிப்புக் கருவியின் உள்ளே, வில்லைக்குப் பின்னால், ஒளியை உணரும் தகடு ஒன்று இருக்கிறது. பழைய புகைப்படப் பெட்டியில் பிலிம் செய்த வேலையை இது செய்கிறது. நம் கருவியில் உள்ளது சோனி நிறுவனம் 2018ஆம் ஆண்டில் அறிவித்த ஐ.எம்.எக்ஸ். 586 என்னும் தகடாகும். இதன் நீளம் சுமார் 6.4 மில்லிமீட்டர், அகலம் சுமார் 4.8 மில்லிமீட்டர். அதாவது, ஏறக்குறைய ஒரு நெல்மணியின் நீளந்தான். இச்சிறு பரப்பில், நீளவாக்கில் 8,000, அகலவாக்கில் 6,000 என்ற கணக்கில் நுண்ணிய ஒளிக்கட்டங்கள் அமைந்துள்ளன. இரண்டையும் பெருக்கினால் 4 கோடியே 80 லட்சம் வருகிறது. பத்து லட்சம் கட்டங்களை ஒரு மெகாபிக்சல் என்பர். ஆகவே இது 48 மெகாபிக்சல் ஆயிற்று.

கட்டங்கள் மிகுந்தால் படம் நுட்பமாக அமையும் என்பது உண்மையே. ஆனால் ஒரே அளவுள்ள தகட்டில் கட்டங்களை மிகுதியாக்கினால், ஒவ்வொரு கட்டமும் சிறுத்துவிடும். அதில் விழும் ஒளியும் குறையும். ஒரு ஏக்கரை நான்கு பாத்தியாகப் பிரித்தாலும் நாற்பது பாத்தியாகப் பிரித்தாலும், பெய்யும் மழை ஒன்றுதானே! அதுபோல், தகட்டின் மொத்தப் பரப்பே அது பெறும் ஒளியை நிர்ணயிக்கிறது. ஆதலால் மெகாபிக்சல் எண்ணை மட்டும் பார்த்துக் கருவியின் தரத்தை முடிவு செய்தல் தவறு.

இக்குறையைச் சமாளிக்க ஓர் உபாயம் செய்யப்பட்டுள்ளது. இத்தகட்டில் அடுத்தடுத்துள்ள நான்கு கட்டங்கள் ஒரே நிறத்தை உணருமாறு அமைக்கப்பட்டுள்ளன. சாதாரணமாகப் படமெடுக்கும்போது அந்நான்கும் சேர்ந்து ஒரு பெரிய கட்டமாக இயங்கி, 12 மெகாபிக்சல் படத்தைத் தருகின்றன. அந்திப் பொழுதிலும் வீட்டிற்குள்ளும் இதுவே நல்ல படத்தைத் தரும். முழுமையான 48 மெகாபிக்சல் படம் வேண்டுமானால் அதற்குரிய முறையைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல வெயிலில், தொலைவில் உள்ள பொருளையோ விரிந்த வயலையோ எடுத்துப் பின்னர் பெரிதாக்கிப் பார்க்க அம்முறை உதவும். மற்ற வேளைகளில் அது சேமிப்பிடத்தையே விழுங்கும்.

வில்லையும் இரண்டாவது கண்ணும்

முதன்மை வில்லையின் திறப்பு எஃப் 1.79 என்று குறிக்கப்படுகிறது. இந்த எண் சிறிதாக இருந்தால் திறப்பு பெரிது என்றும், மிகுந்த ஒளி உட்புகும் என்றும் பொருள் கொள்ள வேண்டும். இங்கு மட்டும் சிறிய எண்ணே சிறந்த எண் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க.

பின்புறத்தில் இரண்டு கண்கள் காணப்படுவதால் இரட்டிப்புப் பயன் உண்டு என்று சிலர் கருதுகின்றனர். இரண்டாவது 5 மெகாபிக்சல் கண், பொருள்கள் எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதை அளந்து, முகத்திற்குப் பின்னுள்ள காட்சியை மங்கலாக்கிக் காட்டுவதற்கே பயன்படுகிறது. நம் வயல் வேலைக்கும் பஞ்சாயத்து வேலைக்கும் அதனால் பெரும் பயன் இல்லை. முன்புறக் கண் 13 மெகாபிக்சல் கொண்டது; அதிகாரிகளுடன் முகம் பார்த்துப் பேசுவதற்கு அது போதுமானது.

இக்கருவியில் தொலைநோக்கு வில்லையும் இல்லை; மிக அண்மையில் உள்ள பூச்சியைப் பிடிக்கும் தனி வில்லையும் இல்லை. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் பொறி வில்லையில் அமைக்கப்படவில்லை. ஆகவே, மாலை வேளையில் படமெடுப்போர் வரப்பிலோ மரத்திலோ கையை ஊன்றிக்கொண்டு எடுத்தல் நலம்.

நினைவகமும் செயலியும்

கைபேசியின் மூளையாக இருப்பது ஸ்னாப்டிராகன் 675 என்னும் செயலகம். படமெடுத்தல், வரைபடம் பார்த்தல், பணம் செலுத்துதல், படிவம் நிரப்புதல் ஆகிய பணிகளுக்கு இது இன்றும் போதுமானது. வேலை நினைவகம் என்பது களத்துமேடு போன்றது. ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளை விரித்துப் போடலாம் என்பதை அது நிர்ணயிக்கிறது. சேமிப்பு என்பது குதிர் போன்றது. படங்களும் ஆவணங்களும் அதில் தங்குகின்றன.

12 மெகாபிக்சல் படம் ஒன்றுக்கு 5 மெகாபைட் என்று கொண்டால், 40 ஜிகாபைட் காலியிடத்தில் சுமார் 8,000 படங்களை வைக்கலாம். ஆதலால் 64 ஜிகாபைட் வகையே சாதாரணக் குடும்பத்திற்குப் போதும். தனி நினைவக அட்டையும் போடலாம். ஆனால் அதற்குரிய இடமும் இரண்டாவது சிம் அட்டைக்குரிய இடமும் ஒன்றே ஆனதால், இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த இயலும். இரண்டு எண்கள் வைத்திருப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இது நான்காம் தலைமுறை அலைவரிசைக் கருவி. 2022 அக்டோபரில் நம் நாட்டில் தொடங்கப்பட்ட ஐந்தாம் தலைமுறைச் சேவை இதில் கிடைக்காது. படம் அனுப்புவதற்கும் பணம் செலுத்துவதற்கும் நான்காம் தலைமுறையே போதும். ஆகையால், ஐந்தாம் தலைமுறை இல்லை என்ற ஒரே காரணத்திற்காக நல்ல கருவியைக் கழித்துவிட வேண்டியதில்லை.

மின்கலம்

இதன் மின்கலம் 4,000 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ளது. புதிதாக இருந்தபோது ஒரு நாள் முழுவதும் தடையின்றி உழைத்தது. ஆனால் மின்கலம் காளைமாட்டைப் போன்றது. வயது ஏற ஏற உழைக்கும் திறன் குறையும். பல நூறு முறை மின்னேற்றிய பின் அது பழைய அளவைத் தாங்காது. வெயிலில் வரப்பின் மீது வைப்பதும், இரவு முழுவதும் தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். கருவியின் பின்புறம் உப்பியிருந்தால் மின்கலம் பழுதடைந்தது என்று அறிந்து, உடனே உபயோகத்தை நிறுத்திவிட வேண்டும். பழைய மின்கலத்தைக் குப்பையில் போட்டுக் கொளுத்துவது பேராபத்து. பழுது பார்க்கும் கடையிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

இருப்பிடக் குறிப்பு

கைபேசி வானில் சுற்றிவரும் செயற்கைக்கோள்களின் அலைகளைப் பெற்று, தான் இருக்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணக்கிடுகிறது. இதற்கு இணையத் தொடர்பு கட்டாயம் அன்று. சிக்னல் எட்டாத மலைக்காட்டிலும் கூட இது இயங்கும். ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். வெட்டவெளியில் சில மீட்டர் பிழையோடு இடத்தைக் காட்டும் கருவி, அடர்ந்த தென்னந்தோப்பிலும் கட்டிடத்திற்குள்ளும் அதனினும் மிகுதியாகப் பிழை செய்யும். ஆகவே இருப்பிட வசதியை இயக்கி, ஓரிரு நிமிடம் திறந்த வெளியில் நின்ற பிறகே படமெடுக்க வேண்டும். படப்பிடிப்பு அமைப்புகளில் இருப்பிடத்தைச் சேர்க்கும் வசதி இயங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் படத்தின் மதிப்பே குறைந்துவிடும்.

மற்றொன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. வாட்சப் மூலம் படத்தைப் படமாகவே அனுப்பினால், அது சுருக்கப்படுவதோடு, அதனுள் பதிந்திருந்த இருப்பிடக் குறிப்பும் நீங்கிவிடுகிறது. ஆவணம் என்னும் வழியில் அனுப்பினால் மூலப்படம் மாறாமல் செல்லும். அலுவலகத்திற்கு அனுப்பும் படங்களை இவ்வழியிலேயே அனுப்புக. மூலப்படத்தைப் பணி முடியும் வரை அழிக்காது வைத்திருத்தல் அவசியம்.

வயலில் படமெடுக்கும் முறை

சேதத்தைக் காட்டுவதற்கு ஒரே படம் போதாது. முதலில், வயலின் எல்லையும் அருகிலுள்ள கிணறு, மின்கம்பம், சாலை போன்ற நிலையான அடையாளம் ஒன்றும் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம். அடுத்து, நீர் தேங்கிய அளவோ பயிர் சாய்ந்த பரப்போ விளங்கும்படி நடுத்தூரத்தில் ஒரு படம். கடைசியாக, கதிர் அல்லது இலையை அருகில் வைத்து ஒரு படம் என மூன்று வகைப் படங்கள் வேண்டும். நீரின் ஆழத்தைக் காட்ட அளவு குறித்த கோல் ஒன்றை நட்டு எடுத்தால், பார்ப்பவர் ஐயுற இடமில்லை. காப்பீட்டிற்கான படங்களை அதற்குரிய செயலியின் வழியாகவே எடுக்க வேண்டும். தம் பகுதியில் எந்தப் பயிருக்கு எந்தச் சேதம் அறிவிக்கப்பட்டுள்ளது என்பதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் பருவத்தின் தொடக்கத்திலேயே கேட்டறிந்துகொள்வது நலம்.

பூச்சி, நோய் பற்றி உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்க விரும்புவோர், இலையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுக்க வேண்டும். கருவியை இலைக்கு மிக அருகில் கொண்டுசென்றால் படம் கலங்கிவிடும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, திரையில் இலையின் மீது விரலால் தொட்டுத் தெளிவாக்கிய பின் எடுக்க வேண்டும். சூரியன் நம் முதுகுப் புறம் இருக்க வேண்டும்; நம் நிழல் இலையின் மீது விழக் கூடாது. வில்லையின் மீது படிந்த வியர்வையையும் புழுதியையும் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே, பாதிக் குறைகள் நீங்கிவிடும்.

பஞ்சாயத்து வேலைகளில்

ஊரணி தூர்வாருதல், சாலை அமைத்தல், வடிகால் கட்டுதல் முதலிய பணிகளில், தொடங்கும் முன்னும் நடக்கும் போதும் முடிந்த பின்னும், ஒரே இடத்தில் நின்று ஒரே திசை நோக்கிப் படமெடுக்க வேண்டும். நிற்கும் இடத்தில் ஒரு கல்லை நட்டு அடையாளம் செய்துகொள்ளலாம். இம்மூன்று படங்களையும் அருகருகே வைத்துக் கிராம சபையில் காட்டினால், நீண்ட விளக்கத்திற்கே அவசியம் இராது. நம் மாநிலத்தில் கிராம சபைக் கூட்டங்களை ஆண்டுக்கு ஆறு முறை நடத்துவது என்று 2022இல் ஏற்பாடாயிற்று. அவை ஒவ்வொன்றிலும் பணிகளின் படங்களைக் காட்டும் வழக்கத்தைப் பஞ்சாயத்துகள் மேற்கொள்ளுமாயின், மக்களின் நம்பிக்கை வளரும் என்பதில் ஐயமில்லை.

கருவி உண்மையைக் காட்டும். ஆனால் உண்மையைக் காட்ட விரும்புவோர் கையில் அது இருக்க வேண்டும். வேலை உறுதித் திட்டத்தில், நேரில் எடுக்காமல் வேறொரு படத்தையே படமெடுத்து ஏற்றுவது போன்ற முறைகேடுகள் பல இடங்களில் நடந்ததாக ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 சூலையில் சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. அத்தகைய பொய்ப்படத்தால் உழைத்தவர் கூலியே ஐயத்திற்குள்ளாகிறது. ஆகவே, படமெடுக்கும் பணியைப் பொறுப்பும் நேர்மையும் உடையவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

பழைய கருவி வாங்குவோர் கவனத்திற்கு

இக்கருவி இன்று புதிதாகக் கிடைப்பதில்லை, கைமாறியே கிடைக்கும். இதன் முக்கியக் குறை ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு 9 பதிப்புடன் வந்த இதற்கு ஆண்ட்ராய்டு 10 வரையே நிறுவனத்தின் மேம்பாடு கிடைத்தது. திருடர்கள் புகாமல் காக்கும் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. ஆதலால் படமெடுப்பதற்கும் பேசுவதற்கும் இதனை வைத்துக்கொண்டு, பெருந்தொகை உள்ள வங்கிக் கணக்கை இதனோடு இணைக்காதிருப்பதே விவேகம். முன்பின் அறியாதவர் அனுப்பும் இணைப்புகளையும் செயலிகளையும் திறக்கவே கூடாது.

மேலும், வாங்கும்போது பின்வருவனவற்றைச் சோதிக்க வேண்டும். முதலாவதாக, நட்சத்திரக் குறி, கட்டக் குறி, 06, கட்டக் குறி என்று அழுத்தினால், கருவிக்குரிய 15 இலக்க எண் திரையில் தோன்றும். 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி என்னும் அரசுத் தளத்தில் அவ்வெண்ணை இட்டு, அது களவு போன கருவியா என்று பார்க்கலாம். இரண்டாவதாக, விற்பவர் தம் கணக்குகளை நீக்கிவிட்டாரா என்று காண வேண்டும். நீக்காவிட்டால் பின்னர் கருவி பூட்டிக்கொள்ளும். மூன்றாவதாக, வெயிலில் ஒன்றும் நிழலில் ஒன்றுமாகப் படமெடுத்து, கறையும் கலக்கமும் உள்ளனவா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான்காவதாக, நமக்கு வேண்டிய செயலிகள் அதில் இயங்குகின்றனவா என்று அங்கேயே நிறுவிப் பார்க்க வேண்டும். சில செயலிகள் பழைய பதிப்பை ஏற்பதில்லை. ஐந்தாவதாக, மின்னேற்றும் துளை, ஒலிபெருக்கி, விரல்ரேகை உணரி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். வயல் வேலையால் தேய்ந்த விரல்களை உணரி சில வேளை அறியாது. அத்தகையோர் இரகசிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். இறுதியாக, ரசீது பெறாமல் வாங்கக் கூடாது.

முடிவாகச் சொல்வது

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, கைபேசியின் தரம் ஓர் எண்ணில் அடங்குவதன்று என்பது விளங்கும். தகட்டின் அளவு, வில்லையின் திறப்பு, மின்கலத்தின் நிலை, இருப்பிடத்தின் துல்லியம், பாதுகாப்புத் திருத்தம் ஆகிய ஐந்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இத்தகைய கருவி உள்ளவர்கள், கடன் பட்டுப் புதியது வாங்கும் முன், இருப்பதைத் துடைத்து, மின்கலம் மாற்றி, முறையாகப் பயன்படுத்த இயலுமா என்று சிந்திக்க வேண்டும்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒரு நாள் மாலை ஊராரைக் கூட்டி, இருப்பிடக் குறிப்புடன் படமெடுத்துச் செயலியில் ஏற்றும் முறையை இளைஞர்களைக் கொண்டு செய்து காட்டலாம். கைபேசி இல்லாத முதியோர்க்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் யார் படமெடுத்துத் தருவது என்பதையும் அன்றே முடிவு செய்துவிடலாம். 72 மணி நேரம் என்பது மிகக் குறுகிய காலம். வயலில் நீர் ஏறிய பின் கற்றுக்கொள்ள நேரம் இராது.